அறுவை சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடலாமா? முழு மயக்கத்துக்கான ஆயத்தம் குறித்து ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2 வயதான பெண் முயலுக்கு அடுத்த வாரம் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. முந்தைய நாள் இரவு 10 மணிக்குப் பிறகு உணவும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவமனையின் வரவேற்புப் பணியாளர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அது சரிதானா, வீட்டில் வேறு என்னென்ன ஆயத்தங்கள் செய்ய வேண்டும், உடன் வளரும் ஆண் முயலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: முயலை இரவு முழுவதும் பட்டினி போடக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும் வரை காய்ந்த புல்லும் தண்ணீரும் வழக்கம்போல அதன் முன்னால் இருக்க வேண்டும். பயணப் பெட்டிக்குள்ளும் ஒரு பிடி புல் இருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட விதி நாய்க்கும் பூனைக்கும் உரியது. மயக்க நிலையில் அவற்றுக்கு வாந்தி வந்தால் இரைப்பையிலுள்ளவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றின் வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள தசைவளையம் ஒருவழிக் கதவைப் போன்றது. உள்ளே போன உணவு மேலே திரும்புவதில்லை. தவிர, இரவு முழுவதும் உணவை நிறுத்தி வைத்தாலும் முயலின் இரைப்பை முற்றிலும் காலியாகிவிடுவதும் இல்லை. ஆகவே பட்டினியால் எதிர்பார்க்கும் நன்மை கிடைக்காமல் போவதோடு, அதன் தீமைகள் மட்டும் முழுமையாக வந்து சேரும்.

அந்தத் தீமைகள் எவை என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தப் பதிலில் பின்னால் வரும் பெரும்பாலான அறிவுரைகளுக்கும் அவையே காரணம். முயலின் குடல் ஓய்வின்றி இயங்குவதற்கென்றே அமைந்தது. புல்லிலுள்ள நீண்ட நார்கள் குடலின் அசைவைத் தூண்டிக்கொண்டே இருந்துவிட்டு, உலர்ந்த உருண்டைப் புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களோ பெரிய பை போன்ற குருட்டுக்குடலுக்குள் திரும்பி, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கவைக்கப்பட்டு, பளபளப்பான மென்மையான கொத்துப் புழுக்கைகளாக வருகின்றன. அவற்றை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து மறுபடியும் உண்கிறது. உணவு வருவது நின்றால் இந்த ஓட்டம் முழுவதும் மந்தமாகிறது. நுண்ணுயிரிகளின் சமநிலை குலைந்து வாயு சேர்கிறது. வாயு குடலை உப்பச் செய்து வலியை உண்டாக்குகிறது. வலி வந்த முயல் உண்ண மறுக்கிறது. உண்ணாததால் குடல் இன்னும் மந்தமாகிறது. உடல் பருத்த முயலாக இருந்தால், பட்டினியை ஈடுகட்ட உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அந்தக் கொழுப்பு கல்லீரலில் படிந்து, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இதற்கு மேல், மயக்க மருந்துகளும், ஓபியம் வகை வலிநிவாரணிகளும், அறுவையின்போது வயிற்றுக்குள் உறுப்புகளைத் தொட்டுக் கையாள்வதும் ஒவ்வொன்றும் தம்மளவில் குடலை மந்தமாக்குபவை. ஏற்கெனவே 10 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்த முயல் இவையனைத்தையும் சேர்த்துச் சந்திக்கும்போது, மயக்கம் தெளிந்த பிறகு அதன் குடல் மீண்டும் ஓடத் தொடங்குவது மிகவும் கடினமாகிவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு ஒரு மணி நேரமோ, அதிகபட்சம் இரண்டு மணி நேரமோ முன்னதாக உணவை எடுத்துவிடச் சில மருத்துவர்கள் விரும்புவார்கள். அது வயிற்றைக் காலியாக்குவதற்காக அன்று. கன்னத்திலும் நாக்கின் மேலும் மெல்லப்பட்ட புல் ஒட்டிக்கொண்டிருந்தால் சுவாசக் குழாயைப் பொருத்தும்போது அது உள்ளே தள்ளப்படக்கூடும் என்பதற்காக. இந்தக் குறுகிய இடைவெளியில் தவறு ஏதும் இல்லை. அதையும் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வீட்டிலேயே தொடங்கினால், அறுவை தள்ளிப்போகும் நாளில் இரண்டு மணி நேரம் ஆறு மணி நேரமாக நீண்டுவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அறுவை செய்யப்போகும் மருத்துவரிடமே நேரில் பேசுவது. வரவேற்புப் பணியாளர் எல்லா விலங்குகளுக்கும் பொதுவாகச் சொல்லும் வாசகத்தை உங்களுக்கும் சொல்லியிருக்கலாம். அதை மட்டும் வைத்து அந்த மருத்துவமனையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் மருத்துவரே, முயல் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், இரவுப் பட்டினி கட்டாயம் என்று வலியுறுத்துவாரானால், என் கருத்தில் நீங்கள் வேறு மருத்துவரைத் தேட வேண்டும். கருப்பை நீக்கம் அவசர சிகிச்சை அன்று. சில வாரங்கள் தள்ளிப்போவதால் நட்டமில்லை. அனுபவமில்லாத கையில் அவசரப்பட்டு ஒப்படைப்பதால் நட்டம் உண்டு.

ஆபத்து எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் சொல்வதற்கு ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்கப்பட்ட விலங்குகளைத் தொடர்ந்து கவனித்து, 2008இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடாகவும், பூனைகளில் 0.24 விழுக்காடாகவும், முயல்களில் 1.39 விழுக்காடாகவும் இருந்தது. முயல்களுக்குள்ளேயே பிரித்துப் பார்த்தால், ஆரோக்கியமானவற்றில் 0.73 விழுக்காடு, ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 7.37 விழுக்காடு. அதாவது, முயலுக்கு மயக்கம் என்பது நாய்க்கும் பூனைக்கும் இருப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆனால் நோய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த ஆபத்து பத்து மடங்கு மாறுகிறது. அந்தத் தரவுகள் பழையவை, கருவிகளும் மருந்துகளும் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளலாம். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இன்னொரு எண்: இறந்த முயல்களில் 64 விழுக்காடு அறுவை மேசையில் இறக்கவில்லை, சிகிச்சை முடிந்த பிறகே இறந்தன. உரிமையாளர்களின் அச்சமெல்லாம் மயக்க ஊசியின் மேல் இருக்கிறது. கவனம் இருக்க வேண்டியதோ மயக்கம் தெளிந்த பின்னர் வரும் மணி நேரங்களின் மேல்.

அப்படியானால் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா என்றால், பெண் முயலைப் பொறுத்தவரை அதுவும் ஆபத்தில்லாத வழி அன்று. வயது ஏறும்போது பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சாதாரணம். சில இனங்களில் 4 வயதைக் கடந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அது கண்டறியப்பட்டிருக்கிறது. 2 வயதில், ஆரோக்கியமாக இருக்கும்போது, திட்டமிட்டுச் செய்யும் அறுவை என்பது, 5 வயதில் இரத்தப்போக்கோடு கொண்டுபோய்ச் செய்யும் அறுவையைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது.

மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். மாதத்துக்கு எத்தனை முயல்களுக்கு மயக்கம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது; தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படுவதில்லை. அடுத்து, மயக்கத்தின்போது சுவாசப் பாதையை எப்படிப் பாதுகாப்பார் என்று கேளுங்கள். முயலின் வாய் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும், நாக்கு பெரியது, தொண்டை கண்ணுக்குத் தெரிவதே அரிது. அதனால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே எளிது. இதற்கு மாற்றாக, முயலின் தொண்டை அமைப்புக்கென்றே செய்யப்பட்ட, குரல்வளையின் மேல் பொருந்தும் வீ-ஜெல் என்ற கருவி இருக்கிறது. மூக்கின் மேல் முகமூடியை வைத்தே முழு அறுவையையும் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். மிகச் சிறிய வேலைக்கு அது போதுமாக இருக்கலாம், வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு மூச்சுப் பாதை உறுதி செய்யப்பட்டிருப்பதே நல்லது. முயல் இயல்பாக மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் விலங்கு. அதன் மார்புக்கூடு வயிற்றோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. மல்லாத்திப் படுக்கவைத்தால் கனத்த குடல்கள் உதரவிதானத்தை அழுத்தி மூச்சைக் குறைத்துவிடும். இதற்காகத்தான் அனுபவமுள்ளவர்கள் தலையும் மார்பும் சற்று உயர்ந்திருக்குமாறு மேசையைச் சாய்த்து வைக்கிறார்கள்.

முன்மருந்து எதுவும் இல்லாமல் ஐசோஃப்ளூரேன் வாயுவை முகமூடி வழியாகக் கொடுத்தே தூங்கவைப்பார்களா என்றும் கேட்கலாம். அந்த வாயுவின் எரிச்சலூட்டும் வாடையால் முயல் மூச்சை நீண்ட நேரம் அடக்கிக்கொள்ளும், இதயத்துடிப்பு வெகுவாகக் குறையும், திமிறி உதைக்கும். முதலில் அமைதிப்படுத்தும் மருந்தும் வலிநிவாரணியும் ஊசியாகப் போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, பிறகு மயக்கத்தை ஆழப்படுத்துவதே நல்ல முறை. காதின் ஓரத்து இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் பொருத்துவார்களா, அதற்கு முன் அந்த இடத்தில் மரத்துப்போகும் களிம்பு தடவுவார்களா, அறுவை முழுவதும் இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் உடல் வெப்பத்தையும் கவனிக்க ஒருவர் தனியாக இருப்பாரா என்பவையும் கேட்கத் தக்கவை. குறைந்த இதயத்துடிப்பை உயர்த்த வழக்கமாகக் கொடுக்கும் அட்ரோபின் மருந்தை விரைவில் சிதைத்துவிடும் நொதி பல முயல்களின் இரத்தத்தில் இருக்கிறது. அதனால் இதயத்துடிப்பு குறைந்தால் கிளைகோபைரோலேட் என்ற மாற்று மருந்தைக் கையிருப்பில் வைத்திருப்பவர் முயல்களை அறிந்தவர் என்று ஊகிக்கலாம். இதையெல்லாம் ஒரு தேர்வுபோல வரிசையாகக் கேட்டு மருத்துவரைச் சங்கடப்படுத்த வேண்டும் என்பதில்லை. பட்டினி, சுவாசப் பாதை, வலிநிவாரணம், வீட்டுக்கு அனுப்பும் நேரம் ஆகிய நான்கைப் பற்றி அவர் தாமாகவே பேசினால் மற்றவற்றில் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

அறுவைக்கு ஓரிரு வாரம் முன்பே முயலை ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோவது அவசியம். முயல் இரையாகும் விலங்கு. நோயை மறைப்பது அதன் இயல்பு. குறிப்பாக, பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகளால் வரும் நாட்பட்ட மூச்சுத்தொற்று வெளியே தெரியாமலே இருந்துவிட்டு, மயக்கத்தின்போது திடீரென்று சிக்கலை உண்டாக்கும். நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் இருக்கிறது: முன்னங்கால்களின் உட்பக்கத்து முடியைப் பாருங்கள். மூக்கு ஒழுகும் முயல் அதை முன்னங்கால்களால் துடைத்துக்கொண்டே இருக்கும். மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த இடத்து முடி பசைபோல ஒட்டிக் காய்ந்து சடைபிடித்திருக்கும். அப்படி இருந்தால் அறுவையைத் தள்ளிவைத்து முதலில் அதற்குச் சிகிச்சை தேவை. தும்மல், உறங்கும்போது மூச்சில் சத்தம், எச்சிலால் நனைந்த தாடை, புழுக்கை சிறுத்திருப்பது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயது முதிர்ந்த முயலுக்கும், எடை குறைந்துகொண்டே வரும் முயலுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 2 வயது ஆரோக்கியமான முயலுக்கு அதைக் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைப்பதை முதலில் தொடங்குங்கள். சமையலறைத் தராசின் மேல் ஒரு சிறு பெட்டியை வைத்து அதற்குள் முயலை உட்காரவைத்தால் போதும். மருந்துகளின் அளவு கிராம் கணக்கில் எடையைச் சார்ந்தது என்பது ஒரு காரணம். அறுவைக்குப் பிறகு எடை இறங்குகிறதா என்று சொல்ல முந்தைய எடை தெரிந்திருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான காரணம். அதேபோல, ஒரு நாளில் ஏறக்குறைய எவ்வளவு புழுக்கை போடுகிறது, எந்த அளவில், எந்த நிறத்தில் என்று ஒரு வாரம் கவனித்து, முடிந்தால் புகைப்படமும் எடுத்து வையுங்கள். அறுவையன்று இரவு கலக்கத்தில் இருக்கும்போது "இது வழக்கத்தைவிடச் சிறியதா?" என்ற கேள்விக்கு நினைவு பதில் சொல்லாது, படம் சொல்லும்.

உணவில் மாற்றம் எதையும் இந்த நாட்களில் செய்யக் கூடாது. சத்தாக இருக்கட்டும் என்று புதிய கீரைகளையும் பழங்களையும் கூடுதல் பெல்லட் தீவனத்தையும் கொடுப்பவர்கள் உண்டு. குடலைச் சீராக வைத்திருக்க வேண்டிய நேரத்தில் அதைக் குழப்பும் செயல் அது. புல் மட்டும் தாராளமாக இருக்கட்டும். குளிப்பாட்டவும் வேண்டாம். நீரில் நனைவது முயலுக்குப் பெரும் அதிர்ச்சி; நனைந்த அடர்முடி காயவும் வெகுநேரமாகும். நகங்களை ஒரு வாரத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள், வெட்டுக்காயம் இருக்கும் வயிற்றோடு பிறகு தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை இருக்காது. ஏதேனும் மருந்து கொடுத்துவந்தால் அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு நாய்களுக்குப் போடும் ஃபிப்ரோனில் கலந்த மருந்தை முயலுக்கு ஒருபோதும் போடக் கூடாது.

பெரும்பாலானோர் விட்டுவிடும் ஓர் ஆயத்தம், சிரிஞ்சால் உணவூட்டிப் பழகுவது. அறுவைக்குப் பிறகு முயல் தானாக உண்ணாவிட்டால், மீட்புக்கால உணவுத் தூளை (கிரிட்டிகல் கேர் போன்றவை) வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, சிரிஞ்சால் ஊட்ட வேண்டியிருக்கும். வலியும் பயமும் நிறைந்த அந்த இரவில் முயலும் நீங்களும் முதன்முறையாக இதைப் பழகுவது நல்லதன்று. ஒரு வாரம் முன்பிருந்தே, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் தண்ணீரையோ, அந்தத் தூளின் சிறிதளவு கரைசலையோ எடுத்து நாளுக்கொரு முறை கொடுத்துப் பழக்குங்கள். முயலை வழுக்காத துணியின் மேல், அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்குமாறு, நான்கு கால்களிலும் உட்காரவைக்க வேண்டும். முன் வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. உதட்டோரத்தில் சிரிஞ்சின் நுனியை வைத்தால் தானாகவே அந்த இடைவெளிக்குள் நுழையும். அரை மி.லி. அழுத்துங்கள், அது மென்று விழுங்கும் வரை நிறுத்துங்கள், பிறகு மறுபடி. மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது. கரைசல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மல்லாத்தினால் முயல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து அது அமைதியாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வேட்டையாடும் விலங்கின் பிடியில் சிக்கியபோது ஏற்படும் அச்சத்தின் உறைநிலை அது.

அறுவை நாளன்று பயணப் பெட்டி பற்றிச் சில வார்த்தைகள். பக்கங்கள் உறுதியாக, மேல்பக்கமாகத் திறக்கக்கூடியதாக, உள்ளே வழுக்காத துண்டு விரித்ததாக இருக்க வேண்டும். வழுக்கும் தரையில் பயந்து உதைக்கும் முயல் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். அதன் எலும்புக்கூடு மிக இலகுவானது, பின்னங்கால் தசைகளோ மிக வலுவானவை. பெட்டியின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி, காற்று போகுமாறு விட்டு, வெயில் நேராகப் படாத குளிர்ந்த நேரத்தில் கொண்டுபோங்கள். அது வழக்கமாக உண்ணும் புல், பிடித்தமான கீரை, வழக்கமான பெல்லட் ஆகியவற்றை ஒரு சிறு பையில் போட்டு, பெயரெழுதி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். மயக்கம் தெளிந்ததும் பழகிய வாசனையுள்ள உணவு முன்னால் இருந்தால் முயல் அதைக் கொறிக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். காத்திருக்கும் இடத்தில் நாயும் பூனையும் இருக்குமானால், முன்கூட்டியே சொல்லி, அழைக்கும் வரை வெளியே தனியாக இருக்க அனுமதி பெறுங்கள். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், மயக்கத்தின்போது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும். ஆகையால் அமைதியான அறை என்பதும் ஆயத்தத்தில் சேர்ந்ததே.

முயலை எப்போது வீட்டுக்கு எடுத்துவருவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. முழுமையாக விழித்து, உடல் வெப்பம் இயல்புக்குத் திரும்பி, எதையாவது உண்ணத் தொடங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. இரவில் ஆளில்லாத மருத்துவமனையில் தனியே கிடப்பதைவிட, உணவூட்டத் தெரிந்த உரிமையாளரின் வீட்டில் இருப்பது மேல். இரவு முழுவதும் பணியாளர் இருக்கும் இடமென்றால் முதல் இரவு அங்கேயே இருப்பதும் நல்லதே. எப்படியாயினும், இரவில் சிக்கல் வந்தால் அழைக்க வேண்டிய எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஏணி, மேடை எதுவும் இல்லாத சமதளமான சிறிய இடத்தில், துண்டோ போர்வையோ விரித்து விடுங்கள். மரத்தூளும் மண்ணும் காயத்தில் ஒட்டும். முயலின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. வயிற்றுமுடி மழிக்கப்பட்டிருப்பதாலும் மயக்கத்தாலும் அது குறைந்திருக்கலாம். காதுகள் சில்லென்று இருந்தால், துணியில் சுற்றிய வெதுவெதுப்பான நீர்ப்புட்டியை ஒரு பக்கத்தில் வையுங்கள். வெப்பம் கூடினால் விலகிப்போக மறுபக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.

அந்த மாலைக்குள் அது சிறிதாவது உண்ண வேண்டும். ஓர் இலை கொத்தமல்லியைக் கொறித்தாலும் நல்ல அறிகுறிதான். அன்றிரவு வரை எதையும் தொடாவிட்டால், மருத்துவர் சொன்ன அளவில் சிரிஞ்சால் ஊட்டத் தொடங்குங்கள். சிகிச்சை முடிந்து 12 மணி நேரமாகியும் தானாக எதுவும் உண்ணவில்லை, அல்லது புழுக்கையே போடவில்லை என்றால், காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் மருத்துவரை அழைத்துவிடுங்கள். வயிறு மேளம்போல இறுகி உப்பியிருந்தால் ஊட்டுவதையும் நிறுத்திவிட்டு உடனே கொண்டுபோக வேண்டும். அடைப்பு இருக்கும் வயிற்றுக்குள் மேலும் உணவைத் தள்ளுவது ஆபத்து. முதல் நாளின் புழுக்கைகள் சிறுத்தும், எண்ணிக்கையில் குறைந்தும் வருவது இயல்பே. இரண்டாம் மூன்றாம் நாளில் அவை பழைய அளவை நோக்கித் திரும்ப வேண்டும்.

உண்ணாத முயலுக்குக் காரணம் பெரும்பாலும் வலி. அதை அடையாளம் காண முகத்தைப் பார்க்கலாம். முயலின் முகபாவத்தை வைத்து வலியை அளக்கும் ஓர் அளவுகோலே 2012இல் வெளியிடப்பட்டது. கண்கள் பாதி மூடியிருப்பது, கன்னத்தின் உருண்டை வடிவம் தட்டையாவது, மூக்குத்துளைகள் உருண்டை வளைவை இழந்து கூர்மையாவது, மீசைமுடிகள் விறைத்து நிற்பது, காதுகள் சுருண்டு பின்னோக்கி முதுகோடு ஒட்டியிருப்பது ஆகிய ஐந்தையும் அது கணக்கில் கொள்கிறது. பற்களை உரக்க நறநறவென்று கடிப்பதும், முதுகைக் கூனி வயிற்றைத் தரையில் அழுத்திக்கொள்வதும் வலியே. வயிற்றைத் திறந்த அறுவைக்கு ஒரே ஓர் ஊசி போதாது. வீட்டில் சில நாட்கள் கொடுக்க மெலாக்சிகம் போன்ற மருந்தை எழுதித் தருமாறு கேளுங்கள். எடைக்கு எடை பார்த்தால் முயலுக்கு அதன் அளவு நாய்க்குக் கொடுப்பதைவிட அதிகம். மருத்துவர் எழுதிய அளவு கூடுதலாகத் தெரிகிறதே என்று நீங்களாகக் குறைக்க வேண்டாம். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி எழுதினால் அதன் பெயரைக் கவனியுங்கள்: அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளையும் கிளிண்டாமைசினையும் வாய்வழியாகக் கொடுத்தால் குருட்டுக்குடலின் நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, முயல் இறந்துபோகக்கூடும்.

காயத்தை நாளுக்கு இரண்டு முறை, தூக்காமல், பின்னங்கால்களில் சற்று நிமிரச் செய்து பார்த்தால் போதும். லேசான வீக்கம் இயல்பு; சிவந்து சூடாக இருப்பது, நீரோ சீழோ கசிவது, தையல் பிரிவது இயல்பல்ல. நாய்களுக்கு மாட்டும் கூம்புப் பட்டையை முயலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது முயலைத் திகிலடையச் செய்வதோடு, மென்புழுக்கையை வாயால் எடுத்து உண்பதையும் தடுத்துவிடும். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் தையல் போடுமாறு முன்பே கேட்டுக்கொண்டால் பெரும்பாலான முயல்கள் காயத்தைக் கடிப்பதில்லை.

கடைசியாக, உங்கள் ஆண் முயலைப் பற்றி. இரண்டும் நெருங்கிப் பழகியவை என்றால், ஒன்று மட்டும் மருத்துவமனை வாசனையோடு திரும்பும்போது மற்றது அதை அந்நியமாக நினைத்துத் தாக்கக்கூடும்; பிரிவே சில முயல்களை உண்ணவிடாமல் செய்துவிடும். அதனால் ஆணையும் உடன் அழைத்துவந்து, மயக்கம் தெளியும் நேரத்தில் அருகிலேயே வைத்திருக்க அனுமதிக்கும் மருத்துவமனைகள் உண்டு; கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் ஆணுக்கு விதைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. செய்யப்பட்டு ஆறு வாரங்கள் கடந்திருந்தால், பெண் முயல் நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணத் தொடங்கியதும் கண்காணிப்போடு சேர்த்து விடலாம். செய்யப்படவில்லை என்றால், அது பெண்ணின் மேல் ஏறிக் காயத்தைப் பிரித்துவிடும். தையல் ஆறும் வரை, அதாவது ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள், ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடியுமாறு கம்பித் தடுப்புக்கு இருபுறமும் வையுங்கள். நடுநடுவே இரண்டின் விரிப்புத் துணிகளையும் மாற்றிப் போட்டுவந்தால் வாசனை மறக்காது. ஆணுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்வதானால் அதன் சிகிச்சையை முதலில் முடித்துவிடுவது எளிது: விதைநீக்கம் பெண்ணின் அறுவையைவிடச் சிறியது, ஆண் விரைவில் தேறிவிடும். ஆனால் அதற்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அதனால் கருவுறச் செய்ய முடியும் என்பதால், பெண்ணின் அறுவை முடியும் வரை இரண்டையும் தடுப்புக்கு இருபுறமுமே வைத்திருங்கள்.